முன்னால் தூக்காதீர்கள், பின்னால் தள்ளுங்கள்: ப்ராசஸ் முன்னுரிமையை மாற்றுவது எப்படி?

பெரிய வீடியோ ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றப் போட்டுவிட்டு, அது முடிவதற்குள் ஒரு கடிதத்தைத் தட்டி முடித்துவிடலாம் என்று உட்காருகிறீர்கள். விசையை அழுத்தினால் எழுத்து அரை நொடி கழித்து வந்து விழுகிறது, மவுஸ் அம்பு விட்டுவிட்டுத் தாவுகிறது, விசிறி மட்டும் ஊரைக் கூட்டுகிற மாதிரி இரைகிறது. கணினிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள், எதுவும் ஆகவில்லை. அதனிடம் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை கேட்கிறார்கள், யாரை முன்னால் விட வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு ப்ராசஸ் என்று பெயர், அதைச் சொல்லும் இடம்தான் ப்ராசஸ் முன்னுரிமை.

இதைப் புதிதாகத் தெரிந்துகொண்டவர்கள் அநேகமாக எல்லோரும் செய்கிற முதல் காரியம், தாங்கள் பயன்படுத்தும் நிரலைத் தேடிப் பிடித்து அதற்கு ‘ஹை’ கொடுப்பது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பலன் இருக்காது, சில சமயம் நிலைமை இன்னும் மோசமாகும். செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர்: உங்களுக்கு அவசரம் இல்லாத கனமான வேலையைக் கீழே இறக்குவது. ஏன் என்று முதலில் பார்த்துவிடலாம், அது புரிந்தால் மெனுவில் எதைத் தொடுவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

முன்னுரிமை என்பது வேகம் அல்ல

கணினியின் மூளையான சிபியுவுக்குள் வேலை செய்யும் பிரிவுகளுக்குக் கோர் என்று பெயர், ஒரு கோர் ஒரு கணத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். நூறு நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடுவதாக நமக்குத் தெரிவதெல்லாம், இயங்குதளத்துக்குள் இருக்கும் ஷெட்யூலர் என்ற பகுதி ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம் கொடுத்து, பிடுங்கி, அடுத்தவருக்குக் கொடுக்கிற வேகத்தால்தான். விண்டோஸின் கடிகாரத் துடிப்பு சாதாரணமாக நொடிக்கு 64 தடவை, அதாவது ஒரு துடிப்பு சுமார் 15.6 மில்லிநொடி. மேசைக் கணினியில் ஒரு தடவைக்குக் கிடைக்கும் நேரம் இரண்டு துடிப்புகள். முன்னால் திறந்திருக்கும் ஜன்னலின் நிரலுக்கு மட்டும் அதை மூன்று மடங்காக நீட்டிக் கொடுக்கிறது. நீங்கள் எதுவும் செய்யாமலேயே, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நிரலுக்கு ஏற்கெனவே ஒரு சலுகை உண்டு.

முன்னுரிமை என்பது இந்த வரிசையில் யார் முன்னால் நிற்பது என்பதற்கான எண், அவ்வளவே. அது புதிதாகத் திறன் எதையும் உண்டாக்காது. இருக்கிற கோர்கள் இருக்கிறபடிதான், கடிகார வேகமும் இருக்கிறபடிதான். வரிசையில் ஒரே ஆள் மட்டும் நின்றால் அவர் கையில் என்ன டோக்கன் இருந்தால் என்ன, உடனே உள்ளே போய்விடுவார்.

இப்போது கடிதம் தட்டுகிற எழுத்துச் செயலியைப் பாருங்கள். அது நேரத்தில் பெரும்பகுதியைத் தூங்கித்தான் கழிக்கிறது. நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் விழிக்கும், ஓரிரு மில்லிநொடி வேலை செய்யும், மறுபடி தூங்கும். வீடியோ மாற்றி அப்படியில்லை, கிடைக்கிற ஒவ்வொரு நொடியையும் எல்லாக் கோர்களிலும் தின்றுகொண்டே இருக்கும். சண்டை எழுத்துச் செயலிக்கு நேரம் போதாமல் வருவதில்லை, அது விழிக்கிற அந்தக் கணத்தில் எல்லாக் கோர்களையும் வேறொருவர் பிடித்துக்கொண்டிருப்பதால் வருகிறது. அந்த வேறொருவரை ஒரு படி இறக்கிவிட்டால், விசை தட்டியதும் ஷெட்யூலர் அவரை உடனே நிறுத்திவிட்டு உங்களை உள்ளே விடும். வீடியோ மாற்றி இழப்பது நீங்கள் தட்டுகிற அந்தச் சில மில்லிநொடிகள் மட்டும்தான். நீங்கள் எழுந்து போய்விட்டால் அது வழக்கமாக எடுக்கும் நேரத்திலேயே முடித்துவிடும்.

எழுத்துச் செயலியை உயர்த்தினாலும் இதே பலன்தானே என்று கேட்கலாம். அதற்கு மட்டும் கிடைக்கும். அப்புறம் பிரவுசரைத் திறப்பீர்கள், கோப்பு மேலாளரைத் திறப்பீர்கள், பாட்டு கேட்பீர்கள். ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து உயர்த்திக்கொண்டிருப்பதைவிடத் தொல்லை கொடுக்கிற ஒருவரை இறக்குவது எவ்வளவோ சுலபம்.

முதலில் நோயைப் பாருங்கள்

முன்னுரிமையை மாற்றி ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை சிபியுவிலேயே இருக்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10-ல் சின்ன ஜன்னலாக மட்டும் வந்தால் கீழே ‘மோர் டீடெயில்ஸ்’ என்று இருப்பதைச் சொடுக்குங்கள். மேலே சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று தலைப்புகளும் அவற்றின் மேல் சதவீதங்களும் இருக்கும். கணினி திணறிக்கொண்டிருக்கும்போதே இதைப் பார்க்க வேண்டும், சரியான பிறகு பார்த்துப் பயனில்லை.

சிபியு 90, 100 என்று நின்றால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். சிபியு 20-ல் இருக்கிறது, மெமரி 95-ல் இருக்கிறது, டிஸ்க் 100 என்றால் முன்னுரிமையை எப்படி மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. நினைவகம் நிரம்பி, அதில் இருப்பதைத் துண்டு துண்டாக டிஸ்குக்கும் நினைவகத்துக்கும் மாற்றி மாற்றி ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து, திறந்து கிடக்கிற நாற்பது டேப்களை மூடுவது அல்லது கூடுதல் ரேம் போடுவது. டிஸ்க் மட்டும் 100 என்றால், அதுவும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், குறை அங்கே இருக்கிறது. டவுன்லோடு மெதுவாக இருக்கிறது என்று டவுன்லோடருக்கு ‘ஹை’ கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், சிபியு வரிசைக்கும் இணைய இணைப்புக்கும் சம்பந்தமே இல்லை.

விண்டோஸில் செய்யும் முறை

‘ப்ராசஸஸ்’ பக்கத்தில் சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் தின்பவர் மேலே வந்துவிடுவார். அவர் யார் என்று நிதானமாகப் பாருங்கள், பெயர் தெரியாத எதையும் தொட வேண்டாம். உங்கள் ஆள்தான் என்று உறுதியானால் அதன்மேல் வலது கிளிக் செய்து ‘கோ டு டீடெயில்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில நிரல்களின் பெயருக்கு முன்னால் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அதன் உள்ளே பல ப்ராசஸ்கள் ஒளிந்திருக்கின்றன என்று பொருள், விரித்துப் பார்த்து உண்மையில் சிபியுவைத் தின்பது எது என்று கண்டுபிடித்து அதன்மேல் வலது கிளிக் செய்யுங்கள்.

இப்போது ‘டீடெயில்ஸ்’ பக்கத்துக்கு வந்து, அதே ப்ராசஸ் நீலமாகத் தேர்வாகி நிற்கும். விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகளில் இந்தப் பக்கங்களெல்லாம் இடது ஓரத்தில் படக்குறிகளாக இருக்கும், மற்றபடி ஒரே மாதிரிதான். அதன்மேல் மறுபடியும் வலது கிளிக், ‘செட் பிரையாரிட்டி’. ஆறு வகைகள் மேலிருந்து கீழாக வரும்: ரியல்டைம், ஹை, அபவ் நார்மல், நார்மல், பிலோ நார்மல், லோ. எண்ணாகச் சொன்னால் முறையே 24, 13, 10, 8, 6, 4. உள்ளே மொத்தம் 0 முதல் 31 வரை படிகள் உண்டு, இந்த ஆறும் அந்த ஏணியில் நிற்கும் இடங்கள். ‘பிலோ நார்மல்’ தேர்ந்தெடுங்கள். மாற்றவா என்று கேட்டு ஒரு பெட்டி வரும், ‘சேஞ்ச் பிரையாரிட்டி’ பொத்தானை அழுத்துங்கள். முடிந்தது.

மாறிவிட்டதா என்று பார்க்க, பட்டியலின் தலைப்பு வரிசையில் எங்காவது வலது கிளிக் செய்து ‘செலக்ட் காலம்ஸ்’ போய் ‘பேஸ் பிரையாரிட்டி’ என்பதற்கு டிக் போடுங்கள். இனி ஒவ்வொரு ப்ராசஸுக்கும் பக்கத்தில் அதன் நிலை தெரியும். இதை நான் எப்போதுமே திறந்து வைத்திருப்பேன். யார் யார் தங்களை ‘அபவ் நார்மல்’ என்று தாங்களே உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே ஒரு தனி சுவாரசியம்.

இங்கே ஒரு விஷயத்தில் புதியவர்கள் தவறாமல் ஏமாறுவார்கள். ‘பிலோ நார்மல்’ கொடுத்த பிறகும் அந்தப் ப்ராசஸ் 95 சதவீதம் என்றே காட்டும், விசிறியும் அதே போல இரையும். வேலை செய்யவில்லை என்று நினைத்து ‘லோ’ கொடுப்பார்கள், அதற்கும் 95 காட்டும். இது சரியான நடத்தைதான். யாரும் கேட்காத நேரத்தை எல்லாம் அது எடுத்துக்கொள்கிறது, நீங்கள் கேட்கும்போது விட்டுக்கொடுக்கிறது. சதவீதத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாமல், எழுத்துச் செயலிக்குப் போய் நான்கு வரி வேகமாகத் தட்டிப் பாருங்கள், விரலோடு எழுத்தும் வந்தால் வெற்றி. சூட்டையும் இரைச்சலையும் குறைப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், விண்டோஸ் 11-ல் ‘ப்ராசஸஸ்’ பக்கத்து வலது கிளிக்கில் ‘எஃபிஷியன்ஸி மோட்’ இருக்கிறது. அது முன்னுரிமையை அடிமட்டத்துக்கு இறக்குவதோடு, சிக்கனமாக ஓடச் சொல்லி சிபியுவுக்கும் சொல்லிவிடும், பட்டியலில் இலைக்குறி தெரியும். வேலை முடிய நேரம் அதிகமாகும் என்பது இதற்கான விலை.

இன்னொன்று, மெனுவுக்குள் போகும் முன் அந்த நிரலுக்குள்ளேயே வசதி இருக்கிறதா என்று பாருங்கள். செவன் ஸிப்பில் ஒரு பெரிய கோப்பைச் சுருக்கும்போது வருகிற முன்னேற்றப் பெட்டியிலேயே ‘பேக்கிரவுண்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் ஒதுங்கிக்கொள்ளும், மறுபடி அழுத்தினால் பழைய இடத்துக்கு வரும். வருடக்கணக்காக அதைப் பயன்படுத்துபவர்கள்கூட அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள். ஹேண்ட்பிரேக் மாதிரியான வீடியோ மாற்றிகளிலும் அமைப்புகளுக்குள் முன்னுரிமைக்குத் தனி இடம் உண்டு.

எந்த நிலை, எப்போது?

பத்தில் ஒன்பது தடவை ‘பிலோ நார்மல்’ போதும். விண்டோஸ் இதில் கறாரானது, மேல்படியில் ஓடத் தயாராக ஒருவர் இருக்கும்வரை கீழ்ப்படிக்காரருக்கு அந்தக் கோர் கிடைக்காது, ஒரு படி கீழே என்றாலும் அதே கதைதான். அதனால் 8-க்குக் கீழே 6 என்றாலே காரியம் நடந்துவிடும். ‘லோ’ என்பது எப்போது முடிந்தாலும் சரி என்கிற வேலைக்கு. அப்படி ஒதுக்கப்பட்டவர் பட்டினியால் செத்துவிட மாட்டார், ஏறத்தாழ நான்கு நொடி ஓடவே கிடைக்காமல் காத்திருப்பவர்களை விண்டோஸ் தேடிப் பிடித்துச் சற்று நேரத்துக்கு 15 என்ற படிக்குத் தூக்கிவிடும். ‘அபவ் நார்மல்’ கொடுக்க நியாயமான காரணம் எப்போதாவது வரும், நேரலைப் பதிவு ஓடும்போது பின்னணியில் வேறு ஏதாவது நடந்தே ஆக வேண்டும் என்கிற மாதிரி. ‘ஹை’ நிலையில் ஏற்கெனவே விண்டோஸின் முக்கியமான சில உள்ளுறுப்புகள் உட்கார்ந்திருக்கின்றன, அங்கே ஒரு தின்னிப்பண்டாரத்தைக் கொண்டுபோய் உட்கார வைப்பது நல்லதல்ல.

‘ரியல்டைம்’ பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். பெயரைப் பார்த்துவிட்டு, ஆகா இதுதான் உச்ச வேகம் என்று நினைத்து ஒரு வீடியோ மாற்றிக்கு அதைக் கொடுத்தேன். எல்லாக் கோர்களையும் அது பிடித்துக்கொண்டது, சரி. அடுத்த நொடி மவுஸ் அம்பு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. விசைப்பலகையில் எண்பூட்டு விளக்குகூட மாறவில்லை. மவுஸையும் விசைகளையும் கவனிக்கிற விண்டோஸின் பகுதியும் அதே வரிசையில்தான் நிற்கிறது, அதையே நான் பின்னால் தள்ளியிருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. மாற்றத்தைத் திரும்பப் பெற டாஸ்க் மேனேஜர் வேண்டும், டாஸ்க் மேனேஜரைத் திறக்க விசை வேண்டும், விசையைக் கவனிக்க ஆளில்லை. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன், பாதி மாறியிருந்த வீடியோவும் போயிற்று. நிர்வாகி உரிமை இல்லாமல் ரியல்டைம் கேட்டால் விண்டோஸ் சத்தமில்லாமல் ‘ஹை’ மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடும், அந்த வகையில் பலரைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த வரியை மெனுவில் இருக்கும் அலங்காரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் செய்யாமல் இருக்க

டாஸ்க் மேனேஜரில் செய்த மாற்றம் அந்தப் ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரைதான். மூடித் திறந்தால் மறுபடி நார்மல். தினமும் ஓட்டுகிற வேலை என்றால் தொடங்கும்போதே இறக்கிவிட ஒரு வழி இருக்கிறது, டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் செய்துகொள்வது. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் சொல்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஷார்ட்கட்டின் ‘டார்கெட்’ பெட்டியில் முதலில் சிஎம்டி, ஒரு இடைவெளி, சாய்கோடு சி, இடைவெளி, ஸ்டார்ட். அப்புறம் இடைவெளி விட்டு, உள்ளே எதுவும் இல்லாத ஒரு ஜோடி இரட்டை மேற்கோள் குறி. அப்புறம் இடைவெளி, சாய்கோடு, அதோடு ஒட்டி பிலோநார்மல் என்று ஒரே சொல்லாக. கடைசியாக இடைவெளி விட்டு, நிரலின் முழுப் பாதை மேற்கோள் குறிக்குள். அந்த வெறும் மேற்கோள் எதற்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஸ்டார்ட் கட்டளை, மேற்கோளில் வரும் முதல் துண்டை ஜன்னலின் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும், விட்டுவிட்டால் உங்கள் நிரலின் பாதையே தலைப்பாகி, நிரல் திறக்காமல் ஒரு கறுப்பு ஜன்னல் மட்டும் வந்து நிற்கும். இந்த ஷார்ட்கட் வழியாகத் திறந்தால்தான் பலன், ஒரு கோப்பை இரட்டைச் சொடுக்கு செய்து அதன் வழியாக நிரல் திறந்தால் நார்மலில்தான் திறக்கும்.

சுலபமான இன்னொரு தந்திரம், பெற்றோர் வழி வருவது. ‘பிலோ நார்மல்’ அல்லது ‘லோ’ நிலையில் இருக்கும் ஒரு ப்ராசஸ் இன்னொன்றைத் தொடங்கினால், அந்தக் குழந்தையும் தானாகத் தாழ்ந்த நிலையிலேயே பிறக்கும். ‘ஹை’ அப்படி வழிவழியாக வராது. கட்டளை ஜன்னலிலிருந்து வேலைகளை ஓட்டுபவர் என்றால் அந்த ஜன்னலை இறக்கிவிட்டாலே போதும், அதிலிருந்து தொடங்குவதெல்லாம் இறங்கியே வரும்.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் விண்டோஸ் நிரலான டாஸ்க் ஷெட்யூலரில் போட்ட வேலை கையால் ஓட்டும்போது வேகமாகவும் தானாக ஓடும்போது மந்தமாகவும் இருந்தால் குழம்ப வேண்டாம். அதில் முன்னுரிமைக்குத் தனியாக 0 முதல் 10 வரை ஒரு அளவு இருக்கிறது, இயல்பாக 7 என்று வரும், 7 என்றால் ‘பிலோ நார்மல்’. இதை மாற்ற அந்த ஜன்னலில் எங்கேயும் இடம் கிடையாது, வேலையை எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து, நோட்பேடில் திறந்து, பிரையாரிட்டி என்ற வரியில் 7-ஐ 6 ஆக்கி, மறுபடி இறக்குமதி செய்ய வேண்டும். பழையதை முதலில் அழித்துவிடுங்கள், இரண்டும் இருந்தால் வேலை இரண்டு தடவை ஓடும்.

லினக்ஸில்

இங்கே முன்னுரிமைக்குப் பெயரே நைஸ். எத்தனை நல்லவராக மற்றவருக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதன் அளவு அது, பல பேர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட யூனிக்ஸ் காலத்துப் பெயர். அதனால் எண் தலைகீழாக ஓடும்: 19 என்றால் எல்லோருக்கும் வழிவிடுபவர், கழித்தல் 20 என்றால் யாருக்கும் விடாதவர், எல்லோரும் பிறப்பது 0-வில். தமிழில் ‘நைஸாக ஒதுங்கிக்கொண்டான்’ என்று சொல்கிறோமே, அதை நினைவில் வைத்தால் எண் குழம்பாது, எண் ஏற ஏற நைஸாக ஒதுங்குகிறது.

க்னோம் டெஸ்க்டாப்பில் சிஸ்டம் மானிட்டரைத் திறந்து, ப்ராசஸின்மேல் வலது கிளிக் செய்து ‘சேஞ்ச் பிரையாரிட்டி’ போனால் ‘லோ’, ‘வெரி லோ’ என்று விண்டோஸ் மாதிரியே கிடைக்கும், ‘கஸ்டம்’ போனால் எண்ணை நேரடியாகக் கொடுக்கலாம். கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில் இன்னும் சுருக்கம்: ஓட்டப்போகிற கட்டளைக்கு முன்னால் நைஸ் என்று தட்டி ஒரு இடைவெளி விடுங்கள், எண் எதுவும் கொடுக்காவிட்டால் 10 கூடிவிடும். ஏற்கெனவே ஓடுவதை மாற்ற ரீநைஸ் என்று தட்டி, எண், அப்புறம் ப்ராசஸின் அடையாள எண். டெர்மினலிலேயே ப்ராசஸ் பட்டியலைக் காட்டும் எச்டாப் பயன்படுத்துபவர்கள் எஃப்7, எஃப்8 விசைகளால் ஏற்றி இறக்கலாம், எஃப்8 எண்ணைக் கூட்டும், அதாவது பின்னால் தள்ளும். அதே மாதிரியான டாப் என்ற நிரலில் என்ஐ என்ற பத்தி நைஸ் எண், பக்கத்தில் பிஆர் என்று இருப்பது அதோடு 20 கூட்டியது.

விண்டோஸ் மாதிரி கறாராக இல்லாமல், லினக்ஸ் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. நைஸ் 0-வுக்கு 1024 என்று ஒரு எடை, 5-க்கு 335, 10-க்கு 110, 19-க்கு வெறும் 15. ஒரே கோருக்கு 0-வும் 10-ம் சண்டை போட்டால் ஒருவருக்கு 90 சதவீதமும் மற்றவருக்கு 10-ம் கிடைக்கும், 19 என்றால் ஒன்றரை சதவீதம்கூடத் தேறாது. 1, 2 என்று கொடுத்துவிட்டு வித்தியாசமே தெரியவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை, 10-ல் தொடங்குங்கள்.

இரண்டு குழிகள் உண்டு. சாதாரணப் பயனர் எண்ணைக் கூட்டலாம், குறைக்க முடியாது. தன்னுடைய ப்ராசஸாகவே இருந்தாலும் 10-க்குத் தள்ளிவிட்டு மறுபடி 0-வுக்குக் கொண்டுவர நிர்வாகி கடவுச்சொல் கேட்கும். இன்னொன்று கொஞ்சம் மறைவானது: 2011-ல் வந்த 2.6.38 கர்னலிலிருந்து, அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் அந்தப் பதிப்பிலிருந்து, ஆட்டோகுரூப் என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு டெர்மினலில் தொடங்கியதையும் ஒரு குழுவாகக் கட்டி, முதலில் குழுக்களுக்கிடையே சமமாகப் பிரித்துவிடும். அது இயங்குகிற கணினியில் நைஸ் எண் அந்தக் குழுவுக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும், ஒரு டெர்மினலில் 19 கொடுத்தாலும் இன்னொரு டெர்மினலில் ஓடுவதற்கு ஒரு நன்மையும் வராது. ப்ராக் அடைவில் அந்தப் ப்ராசஸ் எண்ணுக்குள் ஆட்டோகுரூப் என்ற கோப்பு இருக்கும், அதில் 10 என்று எழுதினால் மொத்தக் குழுவும் பின்னால் போகும். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு எனக்குத் தெரிந்தது இது.

டிஸ்கைப் போட்டு உருட்டுகிற பேக்கப் மாதிரி வேலை என்றால் நைஸ் பெரிதாக உதவாது, அதற்கு அயோநைஸ் என்று தனிக் கட்டளை, மூன்றாம் வகுப்பு கொடுத்தால் டிஸ்க் சும்மா இருக்கும்போது மட்டும் எடுத்துக்கொள்ளும். டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் பிஎஃப்கியூ மாதிரி ஒரு டிஸ்க் ஷெட்யூலர் இருந்தால்தான் இது பலிக்கும், ‘நன்’, அதாவது எதுவும் இல்லை, என்று இருந்தால் பலிக்காது.

மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர் எல்லாவற்றையும் காட்டும், முன்னுரிமையை மாற்ற மட்டும் விடாது. டெர்மினலில் நைஸும் ரீநைஸும் அப்படியே உண்டு. டாஸ்க்பாலிசி என்ற கட்டளையால் ஒரு ப்ராசஸைப் பின்னணிக்கே அனுப்பலாம், எம்1 முதலான ஆப்பிள் சிப்களில் அது சிக்கனக் கோர்களுக்குப் போய் ஒதுங்கிவிடும்.

தொடக் கூடாதவை

கீழே இறக்குவதிலும் ஒரு ஆபத்து உண்டு, யார் யாரை நம்பி நிற்கிறார்கள் என்று தெரியாமல் இறக்கினால். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் சில நாட்களில் தன்னைத்தானே திரும்பத் திரும்ப ரீசெட் செய்துகொள்ள ஆரம்பித்தது. தாழ்ந்த முன்னுரிமையில் இருந்த வானிலைப் பணி, ஒரே சமயத்தில் ஒருவர் மட்டும் வைத்திருக்கக்கூடிய பொதுவான ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தது. உச்ச முன்னுரிமைப் பணி அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. நடுவில் வந்த ஒரு நடுத்தர முன்னுரிமைப் பணி வானிலைப் பணியை ஓட விடவில்லை, அதனால் பூட்டும் திறக்கவில்லை, மேலே இருந்தவர் தாழ்ந்தவர் கையில் மாட்டிக்கொண்டார். காத்திருப்பவரின் முன்னுரிமையைப் பூட்டு வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாக மாற்றித் தரும் ஒரு அமைப்பைப் பூமியிலிருந்தே இயக்கி அதைச் சரிசெய்தார்கள்.

உங்கள் மேசையிலும் சின்ன அளவில் இது நடக்கும். பெயர் தெரியாத ஒரு துணைப் ப்ராசஸ் நிறைய தின்கிறதே என்று இறக்குவீர்கள், அதனிடமிருந்து பதிலுக்குக் காத்திருக்கும் பெரிய நிரல் உறைந்து நிற்கும். ஒலி சம்பந்தப்பட்டதை இறக்கினால் பாட்டு கரகரக்கும். பிரவுசரின் ப்ராசஸ்களையும் விட்டுவிடுங்கள், பின்னணி டேப்களை இறக்குவதை அதுவே பார்த்துக்கொள்கிறது. ஆன்டிவைரஸ், சில விளையாட்டுகளின் காவல் நிரல்கள் இவற்றைத் தொட்டால் ‘ஆக்ஸஸ் டினைட்’ என்று வரும், நிர்வாகியாக இருந்தாலும் வரும், அதை மீற வழி தேடாதீர்கள்.

அதே வலது கிளிக் மெனுவில் ‘செட் அஃபினிட்டி’ என்று பக்கத்திலேயே இருப்பதை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது எந்தெந்தக் கோரில் ஓடலாம் என்று போடும் வேலி. வேலிக்கு வெளியே கோர் சும்மா கிடந்தாலும் அந்தப் ப்ராசஸ் எட்டிப் பார்க்காது, ஆகவே வேலை முடியக் கூடுதல் நேரம் ஆகலாம். பிலோ நார்மல் கொடுத்தும் போதவில்லை என்றால் மட்டும் ஒரு கோரின் டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

எதையாவது மாற்றிவிட்டு எதை மாற்றினோம் என்று மறந்துபோனால், அந்த நிரலை மூடித் திறங்கள், பழைய நிலைக்கு வந்துவிடும். எந்த நிரல் என்பதும் மறந்துபோனால் கணினியையே ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷார்ட்கட்டிலும் டாஸ்க் ஷெட்யூலரிலும் எழுதி வைத்தவை மட்டும்தான் மிஞ்சும், அவற்றை நீங்களே போய்த் திருத்த வேண்டும்.